கிரிங்காவின் கிராண்டோ வாம்பயரா? இஸ்திரியா நாட்டுப்புறக் கதைக்கூறுகள் பற்றி ஓர் இழை

கதைப்பித்தன்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். யூடியூபில் 'உலகின் முதல் வாம்பயர்' என்று தேடிப் பாருங்கள், யூரே கிராண்டோ என்ற பெயர் வந்து விழும். குரோஷியாவில் இஸ்திரியா என்ற தீபகற்பம், அதன் உள்நாட்டில் கிரிங்கா என்ற சின்னக் கிராமம், அங்கே வாழ்ந்த குடியானவன் இவன். 1656இல் செத்தான் என்கிறார்கள். செத்தவன் சும்மா கிடக்கவில்லை. அடக்கம் முடிந்து பாதிரியார் துக்க வீட்டுக்குத் திரும்பி வந்தால், புதைத்த ஆள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் ராத்திரிகளில் ஊருக்குள் நடப்பதும் கதவைத் தட்டுவதும்தான் வேலை. எந்த வீட்டுக் கதவைத் தட்டினானோ அந்த வீட்டில் யாராவது சாவார்கள். தன் விதவை மனைவியிடமும் இரவில் வந்துபோனான்.

கடைசியில் 1672இல் ஊர்த்தலைவர் மிஹோ ராதேத்திச் ஆள் சேர்த்துக்கொண்டு, விளக்கும் சிலுவையும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லறையைத் திறக்கிறார். உள்ளே கிடந்த முகம் சிவந்து, இவர்களைப் பார்த்துச் சிரித்ததாம். போனவர்கள் எல்லாரும் ஓட்டம் பிடித்தார்கள். ஊர்த்தலைவர் அவர்களைத் திட்டித் திருப்பிக் கூட்டிவந்து, முள்மரக் கட்டையைக் கூராக்கி வயிற்றில் குத்தப் பார்த்தால் கட்டை துள்ளித் தெறிக்கிறது. ஸ்திபான் மிலாஷிச் என்பவர் தலையை வெட்டிய பிறகுதான் அடங்கியது.

கதை இதுதான், நல்ல கதை. ஆனால் எனக்கு இந்த 'முதல் வாம்பயர்' பட்டத்தில்தான் எரிச்சல். அந்த ஊர்க்காரர்கள் அவனை வாம்பயர் என்று சொல்லவே இல்லை, ஷ்ட்ரிகுன் என்றுதான் சொன்னார்கள். பெயர் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். பெயரோடு சேர்ந்து கதையின் பாதி காணாமல் போய்விடுகிறது என்பதுதான் என் புகார். பேசலாம் வாங்க.

சும்மா படிப்பவன்

அண்ணே, முதலில் இஸ்திரியா எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் ஷ்ட்ரிகுன், வாம்பயர், ரெண்டும் செத்து எழுந்து வருகிற சாதிதானே? பேர்தானே வேற?

கதைப்பித்தன்

வரைபடத்தில் இத்தாலியின் வெனிஸுக்கு நேர் கிழக்கே, அட்ரியாடிக் கடலுக்குள் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருப்பதுதான் இஸ்திரியா. பெரும்பகுதி குரோஷியாவில், வடக்கே ஒரு கீற்று ஸ்லோவேனியாவில், ஒரு நுனி இத்தாலியில். கரையோர ஊர்கள் 1797 வரை வெனிஸின் கையில் இருந்தன, நடுவில் உள்ள பாசின் பகுதி ஹாப்ஸ்பர்க் அரசர்களிடம் இருந்தது. கிரிங்கா அந்த உள்நாட்டுப் பக்கம். குரோஷிய மொழியின் சாகாவியன் வழக்கு, வெனிஸ் சாயலுள்ள இத்தாலியம், ஸ்லோவேனியம், போதாக்குறைக்கு நாலைந்து ஊர்களில் இஸ்திரோ-ருமேனியம் என்று ஒரு சின்ன மொழி, எல்லாம் ஒரே மண்ணில். கதைகளும் அப்படித்தான், எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

ரெண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஷ்ட்ரிகுன் செத்த பிறகுதான் ஆபத்தானவன் என்பதில்லை, உயிரோடு இருக்கும்போதே ஷ்ட்ரிகுன்தான். பகலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன். சந்தைக்கு வருவான், பூசைக்கு வருவான், உங்களோடு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்வான். ராத்திரியில் உடம்பைப் படுக்கையில் போட்டுவிட்டு ஆவி மட்டும் கிளம்பும். பெண்ணாக இருந்தால் ஷ்ட்ரிகா. எங்கிருந்தோ குதிரை வண்டியில் வந்து இறங்குகிற கோட்டைப் பிரபு இல்லை இது. இங்கே பயம் முழுக்க உள்ளூர்ப் பயம், தெரிந்த முகத்தைப் பார்த்து வருகிற பயம்.

நூலகத்துப் பூனை

நல்ல இழை. சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

இந்தக் கதை நமக்குக் கிடைத்தது யோஹான் வைகார்ட் வல்வசோர் எழுதியதால். ஸ்லோவேனியப் பகுதிப் பிரபு, ஊர் ஊராகச் சுற்றி எழுதிய மனிதர். 1689இல் நூரம்பெர்க்கில் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய பெரும் நூலில் கிராண்டோ வருகிறான். சம்பவம் நடந்து 17 வருடத்துக்குள் அச்சில். அங்கே இருந்தவர்களிடமே தாம் பேசியதாகவும் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியது, அவர் வாம்பயர் என்று எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. அந்தச் சொல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவியதே 1725க்கும் 1732க்கும் இடையில், செர்பியாவின் கிசில்யேவோ, மெத்வேஜா கிராமங்களில் பிணங்களைத் தோண்டிய ஆஸ்திரிய அதிகாரிகளின் அறிக்கைகள் செய்தித்தாளில் வந்த பிறகு. வல்வசோர் எழுதியது 'ஸ்ட்ரிகோன்'. இதன் வேர் லத்தீன். ரோமானியர்கள் ஸ்ட்ரிக்ஸ் என்று ஓர் இரவுப் பறவையைச் சொன்னார்கள், ஆந்தை மாதிரி, தொட்டில் குழந்தையின் ரத்தம் குடிக்கும் என்று. இத்தாலியத்தில் அதுவே ஸ்ட்ரேகா, சூனியக்காரி. இஸ்திரியாவின் ஷ்ட்ரிகா குழந்தைகளைத் தேடி வருவது அந்தப் பழைய பறவையின் மிச்சம்.

கதைப்பித்தன் 'பாதி காணாமல் போகிறது' என்றாரே, அந்தப் பாதியின் பெயர் கிர்ஸ்னிக். ஷ்ட்ரிகுனை எதிர்த்து நிற்பவன். ஆனால் எதிரி என்றால் முற்றிலும் வேறு சாதி என்று நினைக்காதீர்கள், ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பிறப்பவர்கள். தலையில் பனிக்குடச் சவ்வு ஒட்டிக்கொண்டு பிறக்கும் குழந்தை உண்டல்லவா, அந்தச் சவ்வை அங்கே 'குட்டிச் சட்டை' என்பார்கள். சட்டை வெள்ளையாக இருந்தால் கிர்ஸ்னிக். சிவப்பாக, கறுப்பாக இருந்தால் ஷ்ட்ரிகுன் அல்லது ஷ்ட்ரிகா. சவ்வை உலர்த்தி வைப்பார்கள், சில கதைகளில் பிள்ளையின் அக்குளில் தைத்துவிடுவார்கள், வளர்ந்த பிறகு அதுதான் ராத்திரிப் பயணத்துக்குச் சக்தி. அட்ரியாடிக் கரையில் இதற்கு மாற்றும் வைத்திருந்தார்கள். சந்தேகமான நிறத்தில் சட்டையோடு பெண் குழந்தை பிறந்தால் மருத்துவச்சி வெளியே போய், இது மோராவும் (தூங்குபவர் நெஞ்சில் ஏறி அமுக்குபவள்) இல்லை ஷ்ட்ரிகாவும் இல்லை, நல்ல பெண் பிள்ளை என்று ஊருக்கே கேட்கும்படி கத்தணும். ரகசியம் வெளியே சொல்லப்பட்டால் சக்தி போய்விடும் என்ற எண்ணம். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும், விடியற்காலையில் ஒரு கிழவி வாசலில் நின்று கத்துவது.

இந்தப் பகுதிகளில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கிர்ஸ்னிக்கும் ஒரு குட்லாக்கும் இருப்பார்கள் என்று. குட்லாக் என்பது ஷ்ட்ரிகுனின் மறுபெயர் மாதிரி. நல்லதும் கெட்டதும் ஒரே குடும்பத்தில் பிறக்கிறது.

இரவுப்பணி டாக்டர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிவந்த முகம், சிரிப்பு, ரத்தம் இதெல்லாம் அழுகும் உடலில் நடப்பவைதான். உள்ளே வாயு சேர்ந்து வயிறும் முகமும் உப்பும், தோல் நிறம் மாறும், உதடு பின்வாங்கிப் பல் தெரிந்தால் சிரிக்கிற மாதிரி இருக்கும், வாயில் மூக்கில் கறுஞ்சிவப்புத் திரவம் வரும். குத்தினாலோ அழுத்தினாலோ காற்று தொண்டை வழியே வெளியேறி முனகல் சத்தம்கூட வரலாம். கிராமத்து ஆட்கள் லாந்தர் வெளிச்சத்தில் பார்த்து மிரண்டிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நூலகத்துப் பூனை

டாக்டர், செர்பிய வழக்குகளுக்கு நீங்கள் சொல்வது சரியாகப் பொருந்தும். அங்கே தோண்டியது புதைத்துச் சில வாரங்கள், சில மாதங்களில். கிராண்டோவுக்கு 16 வருடம் என்கிறார்கள். 16 வருடம் கழித்து வயிறு உப்புமா, ரத்தம் வருமா?

இரவுப்பணி டாக்டர்

வராது. எலும்புதான் இருக்கும், மண்ணைப் பொறுத்து மெழுகு மாதிரி ஆன கொழுப்பு மிஞ்சலாம். சரி, அப்போ அந்த 16 தான் இடிக்கிறது.

சும்மா படிப்பவன்

டாக்டரே ஒத்துக்கொண்டாரா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன் 😄

வெண்ணிலா

எல்லாரும் பிணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த விதவையைப் பற்றி யாரும் பேசக் காணோம். புருஷன் செத்த பிறகு ராத்திரியில் ஒருவன் வருகிறான், அவளோடு படுக்கிறான், அவள் அதை ஊர்த்தலைவரிடம் போய்ச் சொல்கிறாள். வந்தவன் செத்த புருஷன்தானா என்று யாராவது கேட்டார்களா? எனக்கு இது வேறு ஏதோ ஒரு நிஜமான கொடுமையை மூடி மறைக்கிற கதையாகத்தான் தெரிகிறது. பெண் சொன்னதை நம்ப ஒரே வழி, செய்தவன் பிணம் என்று சொல்வது.

கதைப்பித்தன்

வெண்ணிலா, நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் கை வைக்கப் பயமாக இருக்கிறது. காரணம், செத்த கணவன் மனைவியிடம் வருவது என்பது ஸ்லாவியர்களின் கதைகளில் பல இடங்களில் இருக்கிற கூறு, கிரிங்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கதையில் வழக்கமாக வருகிற ஒன்றை எடுத்து, இந்த ஊரில் இந்த வருடம் இந்தக் குற்றம் நடந்தது என்று முடிவு கட்டினால் நாமும் யூடியூப்காரன் செய்வதைத்தான் செய்கிறோம், என்ன, நம்முடையது கொஞ்சம் மரியாதையான பதிப்பு.

வெண்ணிலா

முடிவு கட்டவில்லையே, கேட்கிறேன். பல ஊரில் அதே கதை இருக்கிறது என்றால் பல ஊரில் அதே கொடுமை இருந்தது என்றும் ஆகலாமே.

நூலகத்துப் பூனை

ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இதைத் தீர்க்க நம்மிடம் ஆதாரம் கிடையாது. நான் வேறொரு இடத்துக்கு இழுக்கிறேன். கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த அழுகை.

யூடியூப் வீடியோக்களில் இது பெரும்பாலும் வருவதே இல்லை. கட்டையால் குத்துவதும் தலையை வெட்டுவதும் வரும். ஆனால் வல்வசோர் எழுதியதில், ஓடிப்போனவர்களை ஊர்த்தலைவர் திட்டி அழைத்துவந்த பிறகு பாதிரியார் சிலுவையைப் பிணத்தின் முகத்துக்கு நேரே நீட்டி, 'ஷ்ட்ரிகுனே பார், நம்மை நரகத்திலிருந்து மீட்டு நமக்காக உயிர்விட்ட இயேசு இங்கே இருக்கிறார், உனக்கு மட்டும் நிம்மதி கிடையாது' என்கிற பொருளில் பேசுகிறார். உடனே பிணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது.

சிலுவையைக் கண்டு சீறி ஒடுங்கும் சினிமாப் பிசாசு இல்லை இவன், அழுகிறான். ஊர்க்காரர்களுக்கு அவன் அந்நியன் இல்லை. ஞானஸ்நானம் வாங்கியவன், அதே கோயிலில் மண்டியிட்டவன், மீட்பு தனக்கும் வரவேண்டியது என்று தெரிந்தவன். அந்தப் பாதிரியாரும் வெளியூர்ப் பேயோட்டி இல்லை, இவனைப் புதைத்த அதே பவுலின் சபை என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி ஜியோர்ஜியோதான். பக்கத்திலேயே ஸ்வேத்தி பேத்தார் ஊ ஷூமி என்ற ஊரில் அந்தச் சபைக்கு மடம் இருந்தது. தெரிந்த சாமியார், தெரிந்த பிணம், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள். அதற்குப் பிறகும் வெட்டத்தான் செய்தார்கள், ஆனால் அழ விட்டு வெட்டினார்கள்.

சும்மா படிப்பவன்

பூனை, இதைப் படித்துவிட்டு டீயை ஆற வைத்துவிட்டேன்.

சரி, கிர்ஸ்னிக் என்ன செய்வான்? சண்டை போடுவானா, மந்திரம் சொல்வானா?

நூலகத்துப் பூனை

சண்டைதான். அதுவும் விலங்கு உருவில். படுக்கையில் உடம்பு கட்டை மாதிரிக் கிடக்கும், வாயிலிருந்து ஓர் ஈயோ வண்டோ பறந்து வெளியே போகும், அதுதான் ஆவி. அந்த நேரத்தில் யாராவது உடம்பைப் புரட்டிப் போட்டால் ஆவிக்குத் திரும்பி வர வழி தெரியாது, ஆள் காலி. வெளியே போன ஆவி காளையாகவோ நாயாகவோ ஆட்டுக்கடாவாகவோ மாறி நாற்சந்தியில் ஷ்ட்ரிகுனைச் சந்திக்கும். கிர்ஸ்னிக் வெள்ளை அல்லது புள்ளி போட்ட காளை, எதிரி கறுப்புக் காளை. சண்டைக்குரிய காலம் பெரும்பாலும் 'குவாத்ரே', அதாவது வருடத்தில் நாலு முறை பருவம் மாறுகிற சமயத்தில் வருகிற கத்தோலிக்க நோன்பு நாட்கள். மறுநாள் ஊரில் ஒருத்தர் காயத்தோடு படுத்திருந்தால் நேற்று ராத்திரி கறுப்புக் காளை யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு கதை வகையில் கிர்ஸ்னிக் ஒரு சாதாரண ஆளைத் துணைக்குக் கூப்பிடுவான். இன்ன இடத்தில் தடியோடு நில், ரெண்டு காளை முட்டிக்கொள்ளும், கறுப்பை அடி, தப்பித்தவறி என்னை அடித்துவிடாதே என்று. நீளக்கொம்பு வைத்த சாம்பல் நிற போஷ்காரின் மாடுகளை வைத்து உழுத ஊர் அது. மாட்டை அறிந்தவர்கள் கட்டிய கதை என்பது பார்த்த உடனே தெரிகிறது.

மிச்ச நாளில் கிர்ஸ்னிக்குக்கு வைத்தியம்தான் வேலை. ஷ்ட்ரிகா பார்த்து வைத்த குழந்தை, பால் வற்றிய மாடு, காரணம் தெரியாமல் மெலிகிற ஆள், எல்லாரும் அவனிடம்தான் போவார்கள்.

கதைப்பித்தன்

இதோடு சேர்த்து ஒன்று. இஸ்திரியாவுக்கு வடமேற்கே இத்தாலியின் ஃபிரியூலியில் பெனந்தாந்தி என்று ஒரு கூட்டம் இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் திருச்சபை விசாரணையில் மாட்டியவர்கள். அவர்களும் சவ்வோடு பிறந்தவர்கள், அவர்களும் அதே நோன்பு நாட்களில் ஆவியாகப் போய்ச் சூனியக்காரர்களோடு சண்டை போட்டார்கள், பெருஞ்சீரகத் தண்டு இவர்கள் கையில், சோளத்தட்டை அவர்கள் கையில். இவர்கள் ஜெயித்தால் அந்த வருட விளைச்சல் நன்றாக இருக்கும். வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966இல் இதைப் பற்றி எழுதி உலகத்துக்கே தெரிய வைத்தார். ஆனால் அதற்கு முன்பே, 1960இல், குரோஷிய நாட்டார் வழக்காற்று அறிஞர் மாயா போஷ்கோவிச்-ஸ்துல்லி கிர்ஸ்னிக் பற்றித் தனி ஆய்வு எழுதிவிட்டார். 1959இல் இஸ்திரியாவின் கதைத் தொகுப்பையும் அவரே கொண்டுவந்தார். அந்த அம்மா எழுதிய மொழியை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம், அதனால்தான் பேர் பரவவில்லை. இது என் பழைய ஆதங்கம், விடுங்கள்.

மண்குதிரை

புதிதாக வருகிறேன். கிர்ஸ்னிக் என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்லாவியச் சூரியக் கடவுள்தானே? பெயரே 'கிரேஸ்' என்ற சங்கிராந்தித் தீயிலிருந்து வந்தது. சர்ச் வந்து கடவுளைக் கிராமத்து மந்திரவாதியாக இறக்கிவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நூலகத்துப் பூனை

மண்குதிரை, 'எல்லாருக்கும் தெரிந்தது' என்று ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கிரேஸ், அதாவது கோடைத் திருப்பத் தீ, என்பது ஒரு விளக்கம். 'கிர்ஸ்த்', ஞானஸ்நானம் அல்லது சிலுவை, என்பது இன்னொரு விளக்கம். ரெண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். ஸ்லோவேனியப் பக்கம் கிரேஸ்னிக் கதைகள் சிலவற்றில் பாம்போடு சண்டை, தங்கம், அரசன் என்று புராண வாசனை தூக்கலாக இருக்கிறது, அதைப் பிடித்துக் கடவுள் வரை போனவர்கள் உண்டு. இஸ்திரியாவில் பதிவான கதைகளில் அவன் பெரும்பாலும் மனிதன்தான். 'எங்கள் தாத்தாவோடு வேலை செய்தவன் கிர்ஸ்னிக்' என்று சொல்கிற அளவுக்கு மனிதன்.

குரோஷிய ஆய்வாளர்கள் இதனால்தான் 'பிரெதாயா'வையும் 'பைகா'வையும் பிரிக்கிறார்கள். பைகா என்றால் ஒரே ஒரு ஊரிலே வகை, இளவரசன், மூன்று மகன்கள், கேட்பவனுக்கும் சொல்பவனுக்கும் கற்பனை என்று தெரியும். பிரெதாயா அப்படி இல்லை. இடம் இருக்கும், ஆள் பேர் இருக்கும், 'அந்தத் திருப்பத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில்' என்பார்கள். அதில் ஷ்ட்ரிகா வருகிறாள், கிர்ஸ்னிக் வருகிறான், ராட்சதர்கள்கூட வருகிறார்கள். கடவுளைத் தேடிப்போனால் அந்தக் கிணறு தொலைந்துபோகும்.

மண்குதிரை

சரிங்க, 'தெரிந்ததுதானே' வாபஸ். ஆனால் தீ விளக்கம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

நெறியாளர்

நம்மூர்ப் பேய்க் கதைகளோடு ஒப்பிட்டு வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே இஸ்திரியாவையே பேசுங்கள். பூனை ராட்சதர்கள் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போயிருக்கிறார், யாராவது விரிக்கலாம்.

கதைப்பித்தன்

ராட்சதர்களை நான் எடுத்துக்கொள்கிறேன், பயத்திலிருந்து கொஞ்சம் இளைப்பாறலாம்.

இஸ்திரியா சுண்ணாம்புக்கல் பூமி. மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும், ஆறு ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று குகைக்குள் மறையும். குன்றுக்குக் குன்று உச்சியில் மதில் கட்டிய ஊர். இதையெல்லாம் யார் செய்திருப்பார்கள்? ராட்சதர்கள்தான். மிர்னா பள்ளத்தாக்கின் ரெண்டு பக்கமும் நின்று ஊர்களைக் கட்டினார்கள், கல்லையும் கருவிகளையும் இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குக் கைமாற்றிக்கொண்டார்கள். எல்லாம் கட்டி முடிந்த பிறகு மிஞ்சிய கொஞ்சம் கல்லை வைத்துக் கட்டியதுதான் ஹும். இன்றைக்கு 'உலகின் மிகச் சிறிய நகரம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதே ஹும். சிறியதாக இருப்பதற்குக் கதை வைத்திருக்கிற காரணம் கல் பற்றாக்குறை.

இன்னொன்று திரகோன்யா என்ற ராட்சத உழவன் கதை. தண்ணீர் இல்லாமல் தவித்த மக்களுக்காக அவன் மாடு பூட்டிக் கடல் வரை உழுதான். முதல் சால் திரகோன்யா ஆறு. ரெண்டாவது மிர்னா, அது அவன் மனைவியின் பெயர். மூன்றாவது சால் பாசின் கோட்டை அடியில் வரும்போது கோட்டைத் தலைவனின் மனைவி மேலே இருந்து அவனைக் கேலி செய்தாள். கோபம் வந்து உழவைப் பாதியில் விட்டுவிட்டான். சாலில் வந்த தண்ணீர் போக இடமில்லாமல் பெருகி ஊரை மூழ்கடிக்கப் பார்த்தது. மக்கள் கெஞ்சினார்கள், அவன் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான், பூமி பிளந்து தண்ணீரை விழுங்கியது.

இப்போதும் பாசினுக்குப் போனால் பார்க்கலாம். கோட்டைச் சுவருக்கு நேர் கீழே ஏறக்குறைய 130 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம், பாசின்சித்சா என்ற ஆறு வந்து அதற்குள் மறைகிறது. 1893இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மார்த்தெல் உள்ளே இறங்கிப் பார்த்தார். பெருமழை பெய்தால் துளை தாங்காமல் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி ஏரியாகிவிடும், ஆக அந்த வெள்ளம் வெறும் கற்பனை இல்லை, ஊர் பலமுறை பார்த்தது. கோபத்தில் பாதியில் விட்ட உழவு என்று சொன்னவனின் கண்ணைப் பாருங்கள். ஆறு ஏன் கடலுக்குப் போகாமல் இங்கேயே நின்றுவிட்டது என்று நிலத்தைப் பார்த்துத்தான் கதை வந்திருக்கிறது. (திரகோன்யா ஆறு இப்போது குரோஷியா–ஸ்லோவேனியா எல்லை. அந்த எல்லையை வைத்து ரெண்டு நாடும் வருடக்கணக்கில் சண்டை. ராட்சதன் இருந்திருந்தால் நேராக உழுது தந்திருப்பான்.)

வெண்ணிலா

ராட்சதன் என்றதும் மொத்தோவுன் கோபுரத்தைப் பிடித்து உலுக்கிய பெரிய யோஷே ஞாபகம் வருகிறான். அதுவும் நாட்டுப்புறக் கதைதானே?

நூலகத்துப் பூனை

இல்லை, இதில்தான் பலர் வழுக்குவார்கள். வேலி யோஷே (வேலி என்றால் அங்கே 'பெரிய') விளாதிமிர் நாசோர் என்ற எழுத்தாளர் 1908இல் எழுதிய கதை. அவர் இஸ்திரியாவில் ஆசிரியராக வேலை பார்த்தவர், ராட்சதக் கதைகளின் நாட்டில் இருந்துகொண்டு, மொத்தோவுன் ஊர்ப் பெருமக்களுக்கு அடிமை வேலை செய்யும் ராட்சதன் என்று அரசியலாக ஆக்கினார். நிலம் உழும் ஸ்லாவியக் குடியானவன், மேலே ஊரில் இத்தாலியம் பேசும் ஆண்டை. ஆனால் அச்சில் வந்தது மறுபடி வாய்க்குப் போய்விட்டது. யோஷேயை இப்போது ஊர்க்கதையாகச் சொல்பவர்களும் உண்டு. எது முதலில் என்று பிரிக்க அச்சு வருடம் தெரிந்திருப்பதால் தப்பித்தோம்.

சும்மா படிப்பவன்

வாய்மொழி → புத்தகம் → வாய்மொழி. அப்போ இன்னும் 100 வருடம் கழித்து கிரிங்காக் கிழவி ஒருத்தி 'எங்கள் ஊர் வாம்பயர்' என்று பேரப்பிள்ளைக்குச் சொன்னால் அதுவும் பிரெதாயாவா?

கதைப்பித்தன்

அடப்பாவி. என் முதல் பதிவுக்கே குழி தோண்டிவிட்டாய். ஆமாம், அப்போது ஆகிவிடும். எரிச்சல் மட்டும் எனக்குப் போகாது.

புலா சமையற்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் மூன்று வருடமாக இஸ்திரியாவின் தெற்கு முனையில் புலாவில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறேன். படித்தவன் இல்லை, கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

புலாவில் ரோமானியர் கட்டிய அரேனா இருக்கிறது, முதல் நூற்றாண்டு, 30 மீட்டருக்கு மேல் சுவர், தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இங்கே ஒரு கதை சொல்வார்கள். அதைக் கட்டியது ரோமானியர் இல்லை, வீலாக்கள். வீலா என்றால் வனத்து மோகினி மாதிரி, ஆனால் நல்லவள், பாடுவாள், ஆடுவாள். ஒரே ராத்திரியில் இஸ்திரியா முழுக்க இருந்து கல் தூக்கி வந்து கட்டினார்களாம். கூரை போடும் முன்னால் சேவல் கூவிவிட்டது. கையில் இருந்த கல்லைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அதனால்தான் அரேனாவுக்குக் கூரை இல்லை, வயல்களில் அங்கங்கே பெரிய கல் தனியாக நிற்கிறது. உள்ளே உட்காரும் படிகளின் கல்லை உண்மையில் ஊர்க்காரர்களும் வெனிஸ்காரர்களும் வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. முழு அரேனாவையே பிரித்து வெனிஸுக்குக் கொண்டுபோகலாம் என்றுகூட 1583இல் பேச்சு வந்ததாம், கப்ரியேலே ஏமோ என்ற செனட்டர் தடுத்தார், 1584 என்று போட்டு அவர் பெயரில் கல்வெட்டு சுவரில் இருக்கிறது.

அப்புறம் கிரிங்கா. போன இலையுதிர் காலத்தில் லீவு நாளில் போனேன். பஸ் வசதி சரியில்லை, தின்யான் வரை போய் மிச்சத்தை நடந்தேன், தின்யான் முழுக்க உலர்த்திய பன்றித்தொடைக்குப் பேர்போன ஊர், வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பலகை. கிரிங்காவில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. கோயில், கல் வீடுகள், கீழே லிம் பள்ளத்தாக்கு, ஒரு நாய் என் பின்னாலேயே வந்தது. கறுப்பு நாய்தான், ஆனால் பிஸ்கட்டுக்கு வந்தது.

என்னோடு வேலை செய்கிற அம்மா ஷ்மின் பக்கத்துக்காரர், அறுபதுக்கு மேல். பாட்டியை இங்கே நோனா என்பார்கள். அவருடைய நோனா மோராவைப் பற்றிச் சொல்வாராம். தூங்கும்போது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைப்பவள் மோரா, சாவித் துவாரம் வழியாகக்கூட வந்துவிடுவாள். அவள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி, மூச்சு முட்டும்போது 'நாளைக் காலையில் வா, உப்புத் தருகிறேன்' என்று சொல்லணும். மறுநாள் காலையில் முதலில் உப்புக் கேட்டு வாசலுக்கு வருகிற பெண்தான் மோரா. 'யாராவது வந்தார்களா' என்று நான் கேட்டேன். 'பக்கத்து வீட்டுக்காரிக்கு உப்பு எப்போதுமே தீர்ந்துபோகும், பாவம்' என்றார்.

வெண்ணிலா

உப்புக் கடன் கேட்கப் போனவள் மோரா ஆகிவிட்டாள். கதைப்பித்தன் சொன்ன அந்த 'தெரிந்த முகம்' இதுதானா? உப்பு இல்லாத வீடு எது என்று எண்ணிப் பார்த்தால் பணமில்லாத வீடு, ஆண் துணை இல்லாத வீடு.

நூலகத்துப் பூனை

ஆமாம் வெண்ணிலா, இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஷ்ட்ரிகாவுக்கும் அதே கதிதான். அவளை அடித்து ஒரு சொட்டு ரத்தம் வரவழைத்தால் சக்தி போய்விடும் என்று ஒரு கூறு உண்டு. கதையாகக் கேட்க நன்றாக இருக்கும். அடி வாங்கியது ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கிழவி.

சமையற்கட்டு நண்பரே, அந்த அம்மாவிடம் முட்டை ஓட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்களேன். ஷ்ட்ரிகாக்கள் முட்டை ஓட்டில் ஏறிக் கடல் தாண்டுவார்கள் என்று அட்ரியாடிக் கரையெல்லாம் சொல்வார்கள். அதனால் முட்டை சாப்பிட்டால் ஓட்டை நொறுக்கிவிட்டுத்தான் போடணும், முழுசாகப் போட்டால் அவளுக்குப் படகு. அப்படியே ஓர்கோவும் கேளுங்கள். ராத்திரியில் வழியில் குட்டிக் கழுதையாக நிற்கும், தெரியாமல் கால்களுக்கு நடுவில் புகுந்து வளர ஆரம்பிக்கும், வளர்ந்து வளர்ந்து வீட்டுக் கூரை உயரம், கோயில் கோபுர உயரம், விடிந்ததும் ஆளை அந்த உயரத்திலேயே விட்டுவிட்டு மறைந்துவிடும்.

சும்மா படிப்பவன்

குடித்துவிட்டு விடிகாலையில் கூரை மேல் கண்விழித்தவன் மனைவிக்குச் சொன்ன காரணம் மாதிரியே இருக்கிறது.

புலா சமையற்கட்டு

ஓர்கோ பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, அவருடைய நோனோ, அதாவது தாத்தா, ஒயின் பாதாள அறையிலிருந்து வரும் வழியில்தான் எப்போதும் அதைப் பார்த்தார் என்றார். ஆக நீங்கள் சொன்னதுதான்.

முட்டை விஷயம் கேட்கவில்லை. கேட்கத்தான் போனேன். காலைச் சாப்பாட்டுக்கு ஆம்லெட், இருநூறு முட்டைக்கு மேல் உடைக்கணும், அவர் எனக்கு எதிரே நின்று உடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தேன், ஒவ்வொரு ஓட்டையும் உள்ளங்கையில் வைத்து நொறுக்கிவிட்டுத்தான் வாளியில் போடுகிறார். மூன்று வருடமாக எதிரில் நின்று இதை நான் கவனிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துவிட்டு, 'வாளி சீக்கிரம் நிறையாது' என்றார்.